ஜானவாசக் காரை விற்கும் முன்

வாலாஜாபாத் ரயில் நிலையத்தின் சரக்கு யார்டில் புத்தம்புதிய கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிகளுக்குள் ஏறுவது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து ஆலைகளில் தயாராகும் வண்டிகளை நாட்டின் மற்ற பகுதிகளுக்கு அனுப்பிவைக்கும் முக்கியமான நிலையங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கார்கள் எதற்கும் அடையாளச் சிக்கல் கிடையாது. எந்த ஆலை, எந்த நாள், என்ன நிறம், சேஸிஸ் எண், எஞ்சின் எண் எல்லாமே வண்டி ஆலைக் கதவைத் தாண்டும் முன்பே கணினியில் ஏறிவிடுகின்றன. விற்பவரும் வாங்குபவரும் பேச வேண்டியது விலையை மட்டும்தான்.

பழைய வண்டியின் கதை வேறு. அதிலும் கூரையைத் திறந்து மடக்கிவைக்கக்கூடிய பழைய கார் என்றால் பேச்சு எங்கெங்கோ போகும். காஞ்சிபுரம் போன்ற பழைய ஊர்களில் தாத்தா காலத்து மாரிஸ் மைனரோ பிளிமத்தோ வீட்டுக் கொட்டகையில் நிற்க, பேரப்பிள்ளைகள் அதை விற்றுவிடலாம் என்று முடிவெடுக்கும்போது கேள்விகள் கிளம்பும். பதினைந்து வருஷம் தாண்டினால் அரசாங்கம் உடைத்துவிடுமாமே? ஐம்பது வருஷம் ஆனால் தானாகவே விண்டேஜ் ஆகிவிடுமாமே? வெளிநாட்டுக்காரர்கள் கோடிக்கணக்கில் கொடுப்பார்களாமே? பெயின்ட் அடித்து வைத்தால் விலை கூடுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. பழைய காரில் விலைபோவது அதன் அடையாளம். இந்த வண்டி இன்னதுதான், இன்னாருடையதுதான் என்று எந்த அளவுக்கு நிரூபிக்க முடிகிறதோ அந்த அளவுக்குத்தான் விலை. பளபளப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

தமிழ்நாட்டில் திறந்த கார்கள் இத்தனை காலம் உயிரோடு இருந்ததற்குக் கல்யாணம் ஒரு பெரிய காரணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னே செல்ல, காஸ் விளக்குகள் சூழ ஊர்வலமாக அழைத்துவருவது ஜானவாசம். பட்டெடுக்க ஊர் ஊராக ஜனங்கள் வந்துபோகும் காஞ்சிபுரத்துக்குக் கல்யாணம் என்பது அன்றாடத் தொழில். அந்த ஊர்வலங்களுக்கென்றே பழைய பிளிமத், செவர்லே, டாட்ஜ் வண்டிகளைப் பராமரித்து வாடகைக்கு விட்டவர்கள் தமிழகத்தின் பல ஊர்களிலும் இருந்தார்கள். அவை அப்போதைக்கப்போது ஓடிக்கொண்டிருந்ததால்தான் காயலான் கடைக்குப் போகாமல் தப்பின. ஆனால் அந்த வண்டிகள் எல்லாமே ஆலையிலிருந்து திறந்த காராக வந்தவை என்று சொல்ல முடியாது. கூரையுள்ள சலூன் காரை உள்ளூர் டிங்கரிங் பட்டறையில் கொடுத்து, மேற்பகுதியை அறுத்தெடுத்து ஜானவாசக் கார் ஆக்கியதும் உண்டு. ஆலையில் திறந்த காராகப் பிறந்த வண்டியா, பட்டறையில் திறந்த வண்டியா என்ற இந்த வேறுபாட்டுக்குச் சட்டத்திலும் சந்தையிலும் பெரிய விலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் பதினைந்து வருஷ பயம். மோட்டார் வாகனச் சட்டம், 1988 நடைமுறைக்கு வந்தது 1989 ஜூலை 1 அன்று. அதன்படி சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். வயதைக் காரணம் காட்டி வண்டியைச் சாலையை விட்டே விலக்கும் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. அது தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த வாகன அழிப்புக் கொள்கையும் நல்ல நிலையில் இருக்கும் தனியார் காரை வயதுக்காக மட்டும் உடைக்கச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் கட்டணம்தான் ஏறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். இறக்குமதியான கார் என்றால் 80,000 ரூபாய்.

அடுத்தது வயதுக் கணக்கு. இங்கேதான் குழப்பம் அதிகம், அதற்கு நியாயமும் இருக்கிறது. ஒரே காருக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வயதெல்லை. பழம்வண்டிச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, முப்பது ஆண்டு கடந்து, வரலாற்று நிலை கெடாமல் பாதுகாக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியை வரலாற்று வண்டி என்கிறது. நம் நாட்டு மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் விண்டேஜ் சலுகைக்குரியது 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாராகிச் சங்கச் சான்று பெற்ற கார். ஏற்றுமதி விதிகள் 1950 ஜனவரி 1-க்கு முந்திய கார்களைத் தனியாகப் பிரிக்கின்றன. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கோ முதல் பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு முடிந்திருக்க வேண்டும். எனவே 1962-இல் பதிவான ஒரு மாரிஸ் மைனர், பதிவுக்கு விண்டேஜ், காப்பீட்டுக்கு விண்டேஜ் இல்லை. புரோக்கர் ஒன்று சொல்ல, காப்பீட்டு ஏஜென்ட் வேறொன்று சொன்னால், அவரவர் துறையின் கணக்கை அவரவர் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றில் விற்பவருக்கு மிக முக்கியமானது பதிவு விதி. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவைக் கொண்டுவந்தது. ஐம்பது வயது நிறைவது தானாக எதையும் தந்துவிடாது. படிவம் 20-இல் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டியாக இருந்தால் சுங்க ஆவணம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மாநில அரசு இதற்கென நியமிக்கும் பொறுப்பு அலுவலர் விண்ணப்பத்தைப் பார்ப்பார். குழு ஒன்று வண்டியை நேரில் ஆராய்ந்து தகுதியைச் சொல்லும். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு பத்து ஆண்டுக்கு. பிறகு ஐந்தாண்டுப் புதுப்பித்தலுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீட்டுக்குப் பின் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. எம்.எஸ். என்றோ எம்.டி. என்றோ தொடங்கும் மதராஸ் காலத்து எண் பலகை அந்த வண்டியின் ஜாதகம். அதைக் கழற்றிவிட்டால் பாதி வரலாறு போய்விடும்.

ஆனால் விண்டேஜ் பதிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் சாலைக்கு வரலாம். அப்படியானால் ஜானவாச வாடகைக்கு ஓட்டலாமா என்றால், ஓட்டக் கூடாது. உங்களிடம் வண்டி கேட்டு வருபவர் கல்யாண ஊர்வலத் தொழில் செய்பவர் என்றால், விண்டேஜ் பதிவு அவருக்கு உதவாது, இடைஞ்சலாகத்தான் இருக்கும். சாதாரணத் தனியார் பதிவிலும் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு விடுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். சேகரிப்பாளர் வாங்குகிறார் என்றால் நிலைமை நேர்மாறு. அவருக்கு விண்டேஜ் பதிவு ஒரு நற்சான்று. அரசுக் குழுவே வண்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டதாக அது அர்த்தப்படும். ஆகவே விற்கும் முன் விண்டேஜ் பதிவு எடுப்பதா வேண்டாமா என்பதை, யாருக்கு விற்கப்போகிறோம் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இறக்குமதிக் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சாதாரணப் பதிவை ஐந்தாண்டு நீட்டிக்க 80,000. விண்டேஜ் பதிவு பத்தாண்டுக்கு 20,000.

இனி அறுத்த கூரைக்கு வருவோம். விண்டேஜ் விதியின் வயதுப் பகுதி எல்லோருக்கும் தெரியும். அதன் மறு பாதியைத்தான் பலர் படிப்பதில்லை. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் உள்ளிட்ட பெரிய மராமத்து எதற்கும் ஆளாகியிருக்கக் கூடாது என்கிறது விதி. சலூனாக வந்து பட்டறையில் திறந்த வண்டி இந்த வாசலில் நிற்க வேண்டியிருக்கும். சாதாரணப் பதிவிலும் சிக்கல் இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டி வேறுபடும்படி மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே உங்கள் ஆர்.சி.யை எடுத்து, பாடி வகை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சலூன் என்று இருந்து வண்டி திறந்ததாக நின்றால், அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும்.

ஆலையில் திறந்த காராகப் பிறந்த வண்டி எது, பிறகு அறுத்தது எது என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். கூரை என்பது வெயிலுக்கும் மழைக்கும் மட்டும் இல்லை. சேஸிஸும் பாடியும் ஒன்றேயான மாரிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பாடி முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துவைக்கும் வேலையைக் கூரையும் செய்கிறது. கூரை இல்லாத வகையை ஆலை தயாரிக்கும்போது அடிப்பகுதியில் கூடுதல் பலம் கொடுத்துத்தான் அனுப்பும். பட்டறையில் அறுத்த வண்டியில் அந்தப் பலம் இருக்காது. நடுப்பகுதியில் ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கினால் கதவு இறுகிக்கொள்ளும், அல்லது கதவின் மேலிடுக்கு அகலும். கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இருந்த தடம், முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் வெல்டிங் வைத்துத் தேய்த்த இடம், கதவுக்குப் பின்னால் தூண் நின்ற இடத்தில் குரோமியப் பட்டையால் மூடிய மொட்டை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். துணி ஹூட்டை ஏந்தும் மடக்குச் சட்டம் ஆலையில் செய்தது என்றால் அதன் மூட்டுகள் ஒரே சீராக மடங்கும். அந்தச் சட்டம் முழுதாக இருந்தால் அதைப் பொன்போல் காப்பாற்றுங்கள். ஹூட் துணியை எந்தச் சீட் கடையிலும் தைத்து வாங்கிவிடலாம், சட்டம் கிடைக்காது.

மாரிஸ் மைனரில் இன்னும் ஒரு சாட்சி உண்டு. 1950-களின் இறுதியிலிருந்து வந்த வண்டிகளின் சேஸிஸ் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்துகளில் மூன்றாவது 'டி' என்று இருந்தால் அது டூரர், அதாவது ஆலையிலேயே திறந்த காராகப் பிறந்தது. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் தயாரான மாரிஸ் மைனர்களில் அப்படி வந்தவை சுமார் 75 ஆயிரம்தான். மாரிஸ், எம்.ஜி., ஆஸ்டின், டிரையம்ப் போன்ற பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இங்கிலாந்தின் கேடன் என்ற ஊரில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பழைய ஆலைப் பேரேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. தயாரான நாள், முதல் நிறம், எஞ்சின் எண், எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது போன்ற விவரங்கள் அதில் இருக்கும். செலவுக்குத் தகுந்த பலன் தரும் காகிதம் அது.

நம் ஊரிலேயே பிறந்த ஹெரால்டுக்கு நிலைமை வேறு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டை வெளியிட்டது. இத்தாலியர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த வடிவம், 948 சி.சி. எஞ்சின், தனி சேஸிஸ். அதன் கூரை போல்ட் போட்டு முடுக்கிய தனிப் பகுதி. அதனால்தான் ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த காராக்குவது எளிதாக இருந்தது. இன்று திறந்து ஓடும் இந்திய ஹெரால்டுகளில் பல அப்படிக் கழற்றப்பட்டவையே. எதையும் அறுக்காமல் போல்ட்டை மட்டும் கழற்றியிருந்து, பழைய கூரையும் பரணில் பத்திரமாக இருந்தால், அதை மீண்டும் பொருத்தி ஆர்.சி.யில் உள்ளபடி நிறுத்தலாம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கூரையைத் தனியாக இரும்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று இதற்காகவே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயின்ட் விஷயம். விற்க முடிவெடுத்த உடனே பலர் செய்யும் முதல் வேலை, வண்டியைப் பட்டறையில் விட்டுப் புது நிறம், புது சீட், புது குரோமியம் என்று லட்சங்களைக் கொட்டுவது. இது வேண்டாம் என்று அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாட்டியின் பழைய பட்டுப்புடவையைச் சரிகைக்காக எடைபோட்டு வாங்குபவரும் உண்டு, நெசவுக்காகவும் கோர்வைக்காகவும் புடவையாகவே மதிப்பவரும் உண்டு. இரண்டாமவருக்குத் தேவை அந்தப் பழைய நூல். புது நூல் போட்டு இழை இழுத்த புடவையை அவர் கையாலும் தொடமாட்டார். பழங்கார்ச் சேகரிப்பாளரும் அப்படித்தான். மங்கிய அசல் நிறம், தேய்ந்த அசல் தோல் சீட், கோடு விழுந்த அசல் மீட்டர் ஆகியவற்றை அவர் சொத்தாகப் பார்க்கிறார். ஃபீவா கூட்டமைப்பின் டூரின் சாசனமும் புதுப்பிப்பதைவிட இருப்பதைப் பாதுகாப்பதற்கே முதலிடம் தருகிறது. போதாக்குறைக்கு, பட்டறைக்குப் போன வண்டியில் சேஸிஸ் எண்ணின் மேல் கனத்த பெயின்ட் ஏறிவிடும், அல்லது துரு எடுக்கிறேன் என்று அந்த இடத்தையே கிரைண்டரால் தேய்த்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். எழுத்து விழாவிட்டால் விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

செய்ய வேண்டிய வேலைகள் சின்னவை. ஒரு வெளிச்சமான நாளில் பானட்டைத் திறந்து, விளக்கெண்ணெயோ மண்ணெண்ணெயோ தோய்த்த துணியால் தகட்டை மெதுவாகத் துடைத்து, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படமெடுங்கள். ஆர்.சி.யில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அம்பாசடர் எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஏற்றிய பழைய வண்டிகள் நம் பக்கத்தில் குறைவில்லை. பழைய எஞ்சின் கொட்டகையில் கிடந்தால் அதையும் வண்டியோடு சேர்த்தே விற்க வேண்டும். வண்டியின் முன் மாலையும் கழுத்துமாகத் தாத்தா நிற்கும் கல்யாணப் படத்தில் எண் பலகை தெரிந்தால், அந்த ஒரு படம் பல பத்திரங்களுக்குச் சமம். பழைய காப்பீட்டு ரசீது, வரி டோக்கன், ஒர்க்‌ஷாப் பில் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

வண்டி யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலான விற்பனைகள் உண்மையில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தாத்தா காலமாகி முப்பது வருஷம் ஆகியிருக்கும், ஆர்.சி. இன்னும் அவர் பெயரிலேயே இருக்கும். உரிமையாளர் இறந்தால் முப்பது நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். யாரும் செய்திருக்கமாட்டார்கள். தாமதமாயிற்று என்பதற்காக வாசல் அடைபட்டுவிடாது. படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றோடு போக வேண்டும். கஷ்டம் அந்த ஒப்புதலில்தான். நிலத்தைப் பாகம் பிரிக்கும்போது காரை யாரும் கணக்கில் எடுத்திருக்கமாட்டார்கள். விலை பேசி அட்வான்ஸ் வாங்கிய பிறகு அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் எனக்கும் பங்கு உண்டு என்பார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஆகவே முதல் புரோக்கருக்குப் போன் போடும் முன், எல்லா வாரிசுகளையும் உட்காரவைத்துப் பேசி, யார் பெயருக்கு மாற்றுவது, பணத்தை எப்படிப் பிரிப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது குடும்பத்துக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

ஆர்.சி. தொலைந்துபோயிருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, படிவம் 26-இல் நகல் கேட்க வேண்டும். பழைய வண்டியின் விவரம் கணினியில் ஏறாமல் அலுவலகப் பேரேட்டிலேயே தங்கியிருப்பது சகஜம். எந்த அலுவலகத்தில் பதிவானது என்பதுதான் முதல் கேள்வி. இன்று வாலாஜாபாத்தில் பதிவாகும் வண்டிக்குக் காஞ்சிபுரத்தின் டி.என்.21. அன்றோ காஞ்சிபுரம் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1997-இல்தான் தனி மாவட்டமானது. மதராஸில் வாங்கிப் பதிந்த வண்டி என்றால் பேரேடு சென்னையில் இருக்கும். தேடி எடுத்து, கணினியில் பேக்லாக் பதிவாக ஏற்றித் தரும்படி கேட்க வேண்டும். இதற்கு நாளாகும். அலைச்சலும் உண்டு. இந்த வேலை முடியாத வண்டியை வாங்க வருபவர் காகிதம் இல்லாத வண்டிக்குரிய விலையைத்தான் சொல்வார். அது இரும்பு விலையிலிருந்து அதிக தூரம் இருக்காது.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் 29-ஐயும் 30-ஐயும் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், கார் கைமாறிக் கைமாறிப் போன பிறகு விபத்து நேர்ந்தது. ஆர்.சி. முதல் உரிமையாளர் பெயரிலேயே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. பதிவில் யார் பெயரோ அவரே உரிமையாளர். சாதாரணப் பதிவு வண்டியை மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் விற்றவரும், முப்பது நாளுக்குள் வாங்கியவரும் தெரிவிக்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு என்றால் என்.ஓ.சி. வேண்டும். விண்டேஜ் பதிவு வண்டிக்கு இரு தரப்புக்கும் தொண்ணூறு நாள் அவகாசம் இருக்கிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே. வங்கி வழியாகவே வாங்குங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் வருமான வரிச் சட்டத்தில் தனிப்பட்ட உடைமை. அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. கம்பெனிக் கணக்கில் காட்டித் தேய்மானம் கழித்திருந்தாலோ, வாங்கி விற்பதே தொழில் என்றாலோ இது பொருந்தாது. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி பழைய காரை விற்றால் அவருடைய லாபப் பங்கின்மேல் 18 சதவீதம் வரி. அதைக் காட்டி அவர் உங்கள் விலையைக் குறைக்கப் பார்ப்பது இயல்பு.

விலைக்கு எந்த அரசுப் பட்டியலும் கிடையாது. புரோக்கர் ஒருவரின் வாயை மட்டும் நம்பாமல், சென்னையில் இயங்கும் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா போன்ற சங்கங்களில் உள்ளவர்களிடம் வண்டியைக் காட்டிப் பேசுவது நல்லது. கோயம்புத்தூரின் ஜீடி கார் அருங்காட்சியகத்தையும், 2023-இல் திறந்த வடபழனி ஏவி.எம். ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்தையும் போய்ப் பார்த்தால், நன்கு காப்பாற்றிய வண்டி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். மும்பையின் அஸ்தகுரு நிறுவனம் 2018-இல் பழங்கார்களை இணையவழி ஏலத்துக்குக் கொண்டுவந்தது. ஏலத்தில் விட நினைப்பவர் நிறுவனத்தின் கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலையை யார் வைப்பது, விலை போகாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டுக் கோடீஸ்வரர் கனவைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். 1950-க்கு முந்திய கார்களையும் அவற்றின் பாகங்களையும் அரசு உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய இயலாது. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இன்னும் கடுமையானது. இந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். ராஜ்கோட் மகாராஜாவுக்காக 1934-இல் உருவான 'ஸ்டார் ஆஃப் இந்தியா' ரோல்ஸ்-ராய்ஸ், கூரை திறக்கும் வண்டிகளில் உலகப் புகழ் பெற்றது. 1968-இல் இந்தியாவை விட்டுப் போன அது, 2010-இல் மொனாக்கோ ஏலத்துக்கு வந்து, பிறகு அந்தக் குடும்பத்துக்கே திரும்பியது. திரும்பி வந்தது அரிது, போனவை ஏராளம்.

கடைசியாக அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று. விண்டேஜ் பதிவுக்கான பொறுப்பு அலுவலர் யார், குழு எப்போது கூடும், வண்டியை எங்கே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற விவரங்களைத் தமிழில் எழுதி ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாசலிலும் ஒட்டிவைக்க வேண்டும். பட்டறையில் திறந்த ஜானவாசக் கார்களை எப்படி நடத்துவது என்பதற்கும் தெளிவான விளக்கம் வேண்டும். அந்த வண்டிகளை மறுபடி கூரை போட்டு நிறுத்த முடியாது. அவை ஐம்பது அறுபது ஆண்டாக அந்த உருவத்திலேயே நம் தெருக்களில் ஓடியவை, தமிழ்நாட்டுக் கல்யாணங்களின் சொந்த வரலாறு. எல்லாவற்றுக்கும் முன்னால், செங்கல்பட்டு மாவட்ட காலத்துப் பதிவுப் பேரேடுகளைக் கரையான் அரிப்பதற்குள் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட வேண்டும்.